டி.சி.சி. ரயில் திக்கித் திக்கி ஓடினால் எங்கிருந்து பார்ப்பது?

டி.சி.சி. எனும் டிஜிட்டல் கட்டளை முறையில் ஓடும் மாதிரி ரயில் ஒரே இடத்தில் திக்குகிறது, பாதை பிரியும் பாயிண்டில் நின்றுவிடுகிறது, தூரத்து வளைவில் சோர்ந்துபோகிறது என்றால் பலரும் முதலில் கைவைப்பது டிகோடரின் (என்ஜினுக்குள் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்பலகை) அமைப்புகளான சி.வி. எண்களில். அங்கே கடைசியாகப் போனால் போதும். டி.சி.சி.யில் மின்சாரமும் கட்டளையும் அதே இரண்டு தண்டவாளங்கள் வழியாகத்தான் வருகின்றன. சக்கரத்தின் தொடர்பு ஒரு கணம் அறுந்தாலே டிகோடர் அணைந்து, மறுபடி விழித்து, சி.வி. 3-இல் உள்ள முடுக்கத்தின்படி முதலிலிருந்து வேகம் பிடிக்கும். பார்க்கிறவருக்கு மோட்டார் கெட்டுவிட்டது போலத் தெரியும்.

முதலில் பழுது பாதையிலா, என்ஜினிலா என்று பிரித்துவிடுங்கள். இரண்டு என்ஜின்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக மெதுவாக ஓட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தடுமாறினால் பாதைதான் காரணம். அந்த இடத்தில் பென்சிலால் குறி வையுங்கள். ஒன்று மட்டும் எல்லா இடத்திலும் தடுமாறினால் அந்த என்ஜினைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து முகப்பு விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். திக்கும் அதே நேரத்தில் விளக்கும் மினுங்கினால் மின்சாரம் அறுகிறது. விளக்கு நிலையாக எரிய, ஓட்டம் மட்டும் ஏறி இறங்கினால் மோட்டார், பல்சக்கரம், இணைப்புத் தண்டு ஆகியவற்றில் தேடுங்கள். மின்சாரம் அறுந்தாலும் சற்று நேரம் ஓடவைக்கும் ஸ்டே அலைவ் மின்தேக்கி வைத்த என்ஜின் இந்தச் சோதனைக்கு உதவாது, விளக்கையும் அது தாங்கிப் பிடித்துவிடும்.

வயரிங்

வயரிங் சரியா என்று அறிய ஒரு நாணயம் போதும். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டரிலிருந்து மிகத் தொலைவான இடத்தில் இரு தண்டவாளங்களையும் தொடும்படி நாணயத்தை வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் நாணயத்தை அந்த நொடியே எடுத்துவிடுங்கள். பாதையில் மின்தடை அதிகம், அதனால் ஷார்ட் ஆனதே பூஸ்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். இதை அலட்சியம் செய்யவே கூடாது. 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 75 வாட். ஒரு சக்கரத்திலோ மோசமான இணைப்பிலோ அவ்வளவு சூடு குவிந்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கிளைப் பாதையிலும் செய்யுங்கள்.

எங்கே இழப்பு என்று கண்டுபிடிக்க 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தண்டவாளத்தில் இணைத்து, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வையுங்கள். பூஸ்டர் சிறியது என்றால் 10 வாட் பல்பு போதும். பல்பு சுடும், கையில் பிடிக்காதீர்கள். பல்பு எரியும்போதே பூஸ்டர் முனையிலும் பல்பு இருக்கும் இடத்திலும் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது, டி.சி.சி. அலையில் அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் நமக்கு வேண்டியது இரண்டு எண்களின் வித்தியாசம்தான். அது 1 வோல்ட்டைத் தாண்டினால் வயரிங்கைத் திருத்த வேண்டும். பல்பு இல்லாமல் அளந்தால் மோசமான இணைப்புகூட முழு வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும்.

பெரும்பாலும் சிக்குவது தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்தான். தண்டவாளத்துக்கு அடித்த பெயிண்ட், ஜல்லிக்கு ஊற்றிய பசை, ஈரக்காற்றில் படியும் ஆக்ஸைடு எல்லாம் அதற்குள் புகும். ஃபிஷ்பிளேட்டை மின்பாதையாக நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி ட்ராப்பர் வயர் சால்டர் செய்வதே நிரந்தரத் தீர்வு. பலகைக்கு அடியில் ஓடும் முதன்மை வயரான பஸ் வயர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.), தண்டவாளத்திலிருந்து அதற்கு இறங்கும் ட்ராப்பர் 0.5 ஸ்கொயர், அதன் நீளம் 30 செ.மீ.க்குள். 2.5 ஸ்கொயர் செம்பில் மீட்டருக்குச் சுமார் 0.007 ஓம்தான் மின்தடை. 5 மீட்டர் போய் வந்தாலும் 3 ஆம்பியரில் 0.2 வோல்ட் அளவே இழப்பு. ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்குக் கறுப்பு என்று கடைசிவரை நிறம் மாற்றாமல் போங்கள். இடையில் ஒரு ட்ராப்பர் மாறினாலும் முழு லேஅவுட்டும் ஷார்ட் ஆகும்.

பாயிண்ட்

பாயிண்டில் மூன்று விதமான தொல்லை வரும். முதலாவது, நகரும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டுத்தான் மின்சாரம் வாங்குகிறது. தொடும் முனையில் ஒரு துணுக்குப் பசை இருந்தால் போதும், பாயிண்ட் செத்துவிடும். காகிதத் துண்டில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்து, நாக்கை மூடி, நடுவே இழுத்து எடுங்கள். அது தற்காலிகம்தான். நாக்கோடு தொடரும் தண்டவாளத்துக்குத் தனி ட்ராப்பர் கொடுத்தால் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது, இன்சுலேட்டட் ஃப்ராகில் (ஃப்ராக் என்பது பாயிண்டில் உள் தண்டவாளங்கள் சந்திக்கும் இடம்; இந்த வகையில் அதில் மின்சாரம் இராது) எதிரெதிர் மின்முனைத் தண்டவாளங்கள் நெருங்கும் இடம். அகலமான சக்கரம் இரண்டையும் சேர்த்துத் தொட்டு நொடிப்பொழுது ஷார்ட் ஆகும். அந்தச் சில மி.மீ. நீளத்துக்கு மட்டும் நிறமற்ற நெயில் பாலிஷ் பூசினால் நிற்கும். அங்கே சக்கர இடைவெளியையும் பாருங்கள்; ஓ.ஓ. எனும் மாதிரி ரயில் அளவில் உட்புறத்துக்கு உட்புறம் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். கடைசியாக, மின்சாரம் பாயும் லைவ் ஃப்ராக். ஃப்ராகிலிருந்து வெளியேறும் இரு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் இல்லாவிட்டால், பாயிண்டை மாற்றியதும் ஷார்ட்.

என்ஜின்

சக்கரங்களைத் துடைக்க, சமையலறை டிஷ்யூவை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரியுங்கள். என்ஜினின் ஒரு பாதி டிஷ்யூவிலும் மறு பாதி வெறும் தண்டவாளத்திலும் நிற்க, கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். டிஷ்யூவில் கறுப்புக் கோடுகள் விழுவது நிற்கும்வரை இடம் மாற்றிச் செய்யுங்கள். தண்டவாளத்தை மணல்தாளால் தேய்க்க வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். பிறகு என்ஜினைக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்தையும் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மின்சாரம் எடுக்கும் பிக்அப் கம்பி சக்கரத்தின் பின்புறத்தை மெல்ல அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் சக்கரமே இறுகும்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தடவை இழுக்கிறது என்றால் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம், இணைப்புத் தண்டு முறுகியிருக்கலாம். டி.சி.சி.க்காகச் செய்யப்படாத பழைய டி.சி. என்ஜினில் டிகோடர் வைத்தபின் மெதுவேகத்தில் நடுங்கினால், மோட்டார் முனைகளுக்கு நடுவே உள்ள சிறிய மின்தேக்கியை வெட்டி எடுங்கள். டிகோடர் மோட்டாரின் வேகத்தை அளப்பதை அது குழப்பும்.

இதற்கெல்லாம் பிறகுதான் சி.வி. எண்களுக்கு வர வேண்டும். வேகம் ஏற்ற ஏற்ற விளக்கு அணைந்து எரிந்தால், டிகோடர் 14 வேகப்படிகளுக்கும் கன்ட்ரோலர் 28 வேகப்படிகளுக்கும் அமைந்திருக்கிறது, சி.வி. 29-இன் மதிப்போடு 2 கூட்டுங்கள். ஷார்ட் நீங்கியதும் என்ஜின் தானாகப் பாய்ந்தால் சாதாரண டி.சி. மின்சாரத்திலும் ஓடவிடும் அனலாக் வசதி திறந்திருக்கக்கூடும், சி.வி. 29-இல் 6 இருந்தால் 2, நீள முகவரியோடு (முகவரி என்பது என்ஜினை அழைக்கும் எண்) 38 இருந்தால் 34 எழுதுங்கள். மெதுவாகக் கிளம்ப மறுத்தால் தொடக்க வோல்ட்டேஜான சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டி, வேகப்படி 1-இல் சக்கரம் அசையும் இடத்தில் நிறுத்துங்கள். எண்கள் எல்லாம் கலைந்துவிட்டால் பெரும்பாலான டிகோடர்களில் சி.வி. 8-இல் 8 எழுதினால் தொழிற்சாலை அமைப்பு திரும்பும். முகவரி 3 ஆகிவிடும்.