பைத்தானில் ஐபி முகவரிகளைக் கையாளுதல்

ஐபி முகவரியை வெறும் எழுத்துச் சரமாகக் கருதி நிரல் எழுதுவது தொடக்கத்தில் எளிதாகத்தான் இருக்கும். நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், 172.16.40.0/22 என்ற வரம்புக்குள் (முகவரியின் 32 பிட்களில் முதல் 22 மாறாதவை என்பதையே /22 குறிக்கிறது) இருக்கும் கணினிகளை மட்டும் உள்பக்கம் ஒன்றுக்குள் அனுமதிப்பதற்காக, முகவரி "172.16.4" என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு வரியை எழுதியிருந்தேன். அந்த வரம்பு 172.16.40.0 முதல் 172.16.43.255 வரைதான், என் வரியோ 172.16.4.9-ஐயும், 172.16.48.20-ஐயும் தடையின்றி உள்ளே விட்டது. பரிசோதனைக் கூடத்துக் கணினி ஒன்று லாக் கோப்பில் தென்பட்ட பிறகே பிழை புரிந்தது.

இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பைத்தான் 3.3 முதல் 'ஐபிஅட்ரஸ்' என்ற மாட்யூல் (ஆயத்த நிரல் தொகுப்பு) மொழியோடு சேர்ந்தே வருகிறது. இங்கே தமிழில் குறிப்பிடும் ஃபங்ஷன் பெயர்களை, நிரலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோட்டுடன் எழுத வேண்டும். அடிப்படையானவை மூன்று: தனி முகவரிக்கு ஐபி_அட்ரஸ், வரம்புக்கு ஐபி_நெட்வொர்க், இரண்டையும் சேர்த்து வைத்திருக்க ஐபி_இன்டர்ஃபேஸ்.

முதலில் ஐபி_நெட்வொர்க்("172.16.40.0/22") என்று வரம்பை உருவாக்கி, சோதிக்க வேண்டிய முகவரியை ஐபி_அட்ரஸ் வழியாகப் பொருளாக மாற்றிக்கொண்டு, 'இன்' என்ற செயற்குறியால் அது வரம்புக்குள் இருக்கிறதா என்று கேட்டால் போதும்: 172.16.43.200 என்றால் ட்ரூ, 172.16.44.1 என்றால் ஃபால்ஸ். முகவரி உள்ளே ஒரு 32 பிட் எண்ணாகவே வைக்கப்படுவதால், ஒப்பீடு எழுத்துகளைப் பார்ப்பதில்லை. வரிசைப்படுத்தும்போதும் இதே பலன் கிடைக்கும். சரங்களாக வரிசைப்படுத்தினால் 172.16.40.10 என்பது 172.16.40.9-க்கு முன்னால் வந்து நிற்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஐபி_நெட்வொர்க்கிடம் "172.16.41.7/22" என்று கொடுத்தால், ஹோஸ்ட் பிட்கள் (முதல் 22-க்குப் பின் வரும் பிட்கள்) பூச்சியமாக இல்லை என்று கூறி வேல்யூ எரர் என்ற பிழையை எழுப்பும். ஸ்ட்ரிக்ட் என்ற அளவுருவை ஃபால்ஸ் ஆக்கினால் அது தானாகவே 172.16.40.0/22 என்று திருத்திக்கொள்ளும். ஆனால் பயனர் கைப்பட எழுதிய அமைப்புக் கோப்பைப் படிக்கும்போது நான் அதைச் செய்வதில்லை, ஏனெனில் அந்தப் பிழைச் செய்தி பல நேரங்களில் உண்மையான தட்டச்சுப் பிழையைத்தான் சுட்டிக்காட்டுகிறது. முகவரி, வரம்பு இரண்டும் தேவையென்றால் ஐபி_இன்டர்ஃபேஸ்தான் சரியான தேர்வு.

வெளியிலிருந்து வரும் முகவரிகளை மாற்றும்போது வேல்யூ எரரைப் பிடித்துக் கையாள வேண்டும். 192.168.010.1 போல முன்னால் பூச்சியம் இட்ட முகவரியைப் பைத்தான் 3.9.5 முதல் இந்த மாட்யூல் ஏற்பதில்லை. சில கருவிகள் 010-ஐ எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் 8 என்று படிக்கும் என்பதால், ஒரே சரத்தை இரண்டு நிரல்கள் இரண்டு முகவரிகளாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருந்தது. அதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

இதுவரை பார்த்த 32 பிட் முகவரிகள் ஐபிவி4 வகை; 128 பிட் கொண்ட புதிய வகையான ஐபிவி6-உம் கலந்து வரும் சேவையகங்களில் கூடுதல் கவனம் தேவை. இரண்டு வகையையும் ஒரே சாக்கெட்டில் (பிணைய இணைப்பு முனையில்) கேட்கும் சேவையகத்துக்கு ஐபிவி4 வாடிக்கையாளரின் முகவரி ::ffff:172.16.41.7 என்ற வடிவில் வரக்கூடும். அதை ஐபிவி4 வரம்போடு ஒப்பிட்டால் பிழை எதுவும் எழாது, அமைதியாக ஃபால்ஸ் கிடைக்கும். அனுமதிக்க வேண்டியவர் காரணம் தெரியாமல் வெளியே நிற்பார். ஆகவே முதலில் ஐபிவி4_மேப்டு என்ற பண்பைப் பார்த்து, அதில் மதிப்பு இருந்தால் அதையே சோதிக்க வேண்டும். இரண்டு வகையும் கலந்த பட்டியலை நேரடியாக வரிசைப்படுத்த முயன்றால் டைப் எரர் வரும். வெர்ஷனையும் முகவரியின் எண் மதிப்பையும் இணையாகச் சாவியாகக் கொடுப்பது எளிய வழி.

ஒரு வரம்பின் முகவரிகளை ஒவ்வொன்றாக எடுக்க, வரம்புப் பொருளின் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷன் உதவும். மேற்கண்ட /22 வரம்பில், முதலும் கடைசியும் நீங்கலாக, 1022 முகவரிகளைத் தரும். அதையே ஐபிவி6-இன் /64 வரம்பின் மீது ஏவி, விடையைப் பட்டியலாக மாற்றிவிடாதீர்கள்: அங்கே 2-இன் 64 ஆம் அடுக்கு அளவுக்கு முகவரிகள் இருப்பதால், கணினியின் நினைவகம் அதற்கு வெகு முன்பே நிரம்பிவிடும்.