ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு ஸ்பானிஷ் வகுப்பு

வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளையை அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் 'ஸ்பானிஷ் 1' வகுப்பில் உட்கார வைப்பதிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது. எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் தேர்வு பெரும்பாலும் கோடிட்ட இடம் நிரப்பும் தாள். 'வினைச்சொல்லை ப்ரெத்தேரிதோவில் எழுதுக' என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். நேற்று நடந்ததைச் சொல்லச் சொன்னால் பத்து நிமிடம் நிறுத்தாமல் சொல்லும். சொல்வது பெரும்பாலும் ப்ரெத்தேரிதோ என்ற இறந்தகாலம்தான், அந்தப் பெயர் மட்டும் அதற்குத் தெரியாது.

ஆகவே தாளை மட்டும் நம்பாமல் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு பக்கம் வாய்விட்டு வாசிப்பு, அகராதியும் கைபேசியும் இல்லாமல் 15 நிமிடம் எழுதிய ஒரு பத்தி. குடும்பப் பெயரை வைத்து முடிவு செய்யவே கூடாது. குவாத்தமாலாவிலிருந்து வந்த சில பிள்ளைகளுக்கு வீட்டு மொழி மாம் அல்லது கிச்சே. ஸ்பானிஷ் அவர்களுக்கும் இரண்டாம் மொழிதான்.

'ஸ்பானிஷ் ஃபார் ஹெரிடேஜ் ஸ்பீக்கர்ஸ்' அல்லது 'ஸ்பானிஷ் ஃபார் நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ்' என்ற, வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்களுக்கான வகுப்பு இருந்தால் அதையே கேளுங்கள். இல்லையென்றால் 3-ஆம் நிலையில் சேர்த்து, எழுத்துப் பயிற்சியைத் தனியாகக் கொடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்ந்த பிள்ளையை மற்றவர்களுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கும் சம்பளமில்லா உதவி ஆசிரியராக மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதில் அந்தப் பிள்ளை புதிதாக எதையும் கற்பதில்லை.

உண்மையான வேலை எழுத்தில். ண, ந, ன மூன்றையும் ஒரே மாதிரி ஒலித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளை எழுதும்போது தடுமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள், இதுவும் அதே கதைதான். 'பே' (b), 'ஊவே' (v) என்ற இரண்டு எழுத்துகளும் ஸ்பானிஷில் ஒரே ஒலி. 'தூபோ' என்பதை ஊவே போட்டு எழுதினால் 'அவனிடம் இருந்தது', பே போட்டால் 'குழாய்'. 'ஆச்சே' (h) என்ற எழுத்துக்கு ஒலியே இல்லை. அது முன்னால் நின்றால் 'ஓலா' வணக்கம், இல்லாவிட்டால் கடல் அலை. காதால் மட்டுமே மொழி கற்றவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

இதற்குச் சொல்வதெழுதுதல்தான் மருந்து. தினம் பத்து நிமிடம், 60 முதல் 80 சொற்கள், ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு குழப்ப ஜோடி. எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தினால் தாள் சிவப்பாகும், மனதில் ஒன்றும் நிற்காது. பாட்டி அனுப்பிய ஒரு நிமிட வாட்ஸாப் குரல் செய்தியைக் கேட்டு அப்படியே எழுதச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். பிறகு அதே செய்தியைப் பள்ளி முதல்வருக்கு எழுதும் கடிதமாக மாற்றச் சொல்லுங்கள். 'தூ' (நீ) எல்லாம் 'உஸ்தேத்' (நீங்கள்) ஆக வேண்டும், வினை முடிவுகளும் கூடவே மாற வேண்டும். பாதிக் கடிதத்தில் மறந்து 'தூ'வுக்குத் திரும்பிவிடுவார்கள், அந்த இடங்களை மட்டும் வட்டமிடுங்கள்.

அடுத்து தில்தே, அதாவது உயிரெழுத்தின் தலையில் போடும் சாய்கோடு. அப்பாவைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட்டால் 'என் உருளைக்கிழங்கு கட்டட வேலை செய்கிறது' என்றாகிவிடும். 'பாப்பா' என்பதில் அழுத்தம் கடைசியில் விழுந்தால் அப்பா, முதலில் விழுந்தால் கிழங்கு. விதி எளிது. சொல் உயிரெழுத்திலோ 'ஏனே' (n), 'ஏசே' (s) என்ற எழுத்துகளிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும், மற்றவற்றில் கடைசி அசையில். இதை மீறும் சொல்லுக்குத்தான் கோடு. லாரியைக் குறிக்கும் 'கமியோன்' ஏனேயில் முடிந்தும் அழுத்தம் கடைசியில் விழுவதால் கோடு உண்டு. பன்மையான 'கமியோனெஸ்' விதிக்குள் அடங்கிவிடுவதால் கோடு இல்லை. அழுத்தம் எங்கே என்று பிடிபடாவிட்டால், தெருவின் மறுகோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் அந்தச் சொல்லைக் கத்தச் சொல்லுங்கள். எந்த அசை நீள்கிறதோ அங்கேதான் அழுத்தம். 'தீயா' (அத்தை) போன்ற சொற்கள் இந்த விதிக்குள் வராது, அவற்றை ஒரு மாதம் கழித்துத் தொடுங்கள்.

வீட்டுச் சொற்களைத் 'தவறு' என்று அடிக்காதீர்கள். 'அய்கா' (haiga, ஏட்டில் haya), 'த்ரூகே' (truje, ஏட்டில் traje, 'கொண்டுவந்தேன்') போன்றவை கிராமங்களில் பிழைத்திருக்கும் பழைய வடிவங்கள், படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்க வேண்டியவை அல்ல. தரைவிரிப்பைக் 'கார்பேத்தா' என்பது ஆங்கிலம் தந்த பழக்கம். பொது வழக்கில் அது கோப்பு உறை, தரைவிரிப்புக்கு 'அல்ஃபோம்ப்ரா'. குறிப்பேட்டில் வீட்டுச் சொல், ஏட்டுச் சொல், எது எங்கே பொருந்தும் என்று மூன்று நெடுவரிசை போட்டால் போதும். பாட்டியிடம் போய்ச் சொல்லைத் திருத்தும் பிள்ளை விரைவில் பாட்டியிடம் பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு மொழிப் படிப்பைக் கேட்கிறது, ஆனால் அந்த மொழியின் அடுத்த நிலை வகுப்பில் 'சி' தரமோ அதற்கு மேலோ எடுத்தால் அதற்குக் கீழுள்ள நிலைகளும் முடித்ததாகக் கணக்காகும். 1-ஆம் நிலையில் ஓராண்டை வீணாக்கத் தேவையில்லை. 2011-இல் அந்த மாநிலம் தொடங்கிய இருமொழி முத்திரையும் (இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றதற்கான சான்று) உண்டு, பட்டயத்தில் ஒட்டித் தருவார்கள். ஏபி ஸ்பானிஷ் (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) தேர்வில் 5-க்கு 3 எடுப்பது அதற்கான வழிகளில் ஒன்று. ஆங்கிலத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் பத்தாம் வகுப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.