கவுண்டர்ல கோவத்தோட வாற கஸ்டமர எப்பிடி சமாளிக்கிறது: வேலைக்குப் புதுசா வந்த தம்பி தங்கச்சிமாருக்கு

ஏஎல் எழுதிட்டு ரிசல்ட் வரும்வரைக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் பேர்கர் கடை, சிக்கன் கடை, கொத்துக் கடை எண்டு வேலைக்குப் போற பிள்ளைகள் நிறையப் பேர். ட்ரெயினிங்ல மெஷினில எந்தப் பட்டன் அமத்துறது, ஃப்ரைஸ் எத்தின நிமிஷம் பொரிக்கிறது எல்லாம் சொல்லித் தருவாங்க, ஆனா முன்னால நிண்டு ஒருத்தர் கத்தினா என்ன செய்யிறது எண்டு யாரும் சொல்லித் தாறதில்ல, அதனாலயே நல்ல பிள்ளைகள் ஒரு கிழமையில விட்டுட்டுப் போயிடுதுகள். காலி வீதியில கவுண்டர்ல நிண்டு, இப்ப ஷிஃப்ட் பார்க்கிற ஆளா எனக்கு விளங்கினது இதுதான்: கஸ்டமர் கத்துறது பெரும்பாலும் சாப்பாட்டுக்காக இல்ல, தன்ட ஓடருக்கு என்ன நடக்குது எண்டு தெரியாம பசியோட நிக்கிறதால. அதை மனசுல வச்சுக்கொண்டு கீழ வாங்க.

படி 1: ஓடர் எடுக்கேக்குள்ளயே பாதிச் சண்டைய முடிச்சிருங்க

கொழும்புல ஒரே லைன்ல சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூண்டும் நிக்கும். ஆள் எந்த மொழியில தொடங்குறாரோ அந்த மொழியிலயே போங்க, உங்கட சிங்களம் தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்ல, முயற்சி பண்ணுறத பாத்தாலே ஆக்கள் இறங்கி வருவாங்க. ஓடர் முடிஞ்ச உடன முழுசா திருப்பிச் சொல்லணும். "ஸ்பைசி பேர்கர் ரெண்டு, ஒண்டுல சீஸ் வேணாம், கோக் ஐஸ் இல்லாம, பார்சல். சரியா அக்கா?" சிங்களத்துல எண்டா கடைசியில "ஹரித மிஸ்?" எண்டு கேட்டாக் காணும்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, எங்கட ஊர்ல சாப்பாட்டுல விடுற பிழை சும்மா பிழை இல்ல. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுறவங்க இருக்கிறாங்க, மாட்டிறைச்சி தொடாதவங்க இருக்கிறாங்க, ஹலால் பாத்து வாறவங்க இருக்கிறாங்க. வெஜ் பேர்கர் கேட்ட அம்மாவுக்கு சிக்கன் பேர்கர் போனா அவங்கட விரதமே போச்சு, நீங்க புதுப் பேர்கர் குடுத்து அதைத் திருப்பிக் குடுக்க ஏலாது. வெஜ்ஜையும் சிக்கனையும் ஒரே எண்ணெயிலயா பொரிக்கிறீங்க எண்டு கேட்டா குத்துமதிப்பா பதில் சொல்லாதீங்க, கிச்சனில கேட்டு வந்து உண்மைய சொல்லுங்க. ஹலால் கேட்டா சேர்டிபிகேட் எங்க மாட்டியிருக்குதோ அதைக் காட்டுங்க. கச்சான், இறால், எள்ளு அலர்ஜியும் அப்பிடித்தான், பண்ணுக்கு மேல எள்ளு இருக்கிறதே புதுசா வந்தவங்களுக்கு ஞாபகம் வராது.

படி 2: காசு வாங்கேக்குள்ள வாய் திறந்து சொல்லுங்க

ஐயாயிரம் தந்தா "ஐயாயிரம் தாறீங்க சேர்" எண்டு அவருக்குக் கேக்கிற மாதிரி சொல்லணும். அந்த நோட்டை உடன லாச்சிக்குள்ள தள்ளாம, ரெண்டு பேருக்கும் தெரியிற மாதிரி வெளியில வச்சிட்டு, மிச்சக் காசை எண்ணிக் குடுத்து, அவர் வாங்கின பிறகு உள்ள போடுங்க. "நான் அஞ்சு தந்தன், நீ ஆயிரத்துக்குத்தான் பலன்ஸ் தந்தாய்" எண்ட சண்டை இந்த ஒரு பழக்கத்தாலயே வராது.

படி 3: உண்மையான நேரம் சொல்லுங்க

"இப்ப வரும்" எண்ட சொல்லை மறந்திடுங்க. ஃப்ரைஸ் முடிஞ்சிருந்தா புதுசா போட்டு எடுக்க மூண்டு நாலு நிமிஷம் காணும், எலும்போட சிக்கன் புதுசா பொரிக்கணும் எண்டா கால் மணித்தியாலம் போகும், அதை அப்பிடியே சொல்லுங்க. சிங்களத்துல எண்டா "சமாவென்ன சேர், தவ விநாடி பஹக் யனவா" (மன்னிக்கோணும் சேர், இன்னும் அஞ்சு நிமிஷம் போகும்) எண்டு சொன்னா அவர் போனைப் பாத்துக்கொண்டு இருப்பார். அஞ்சு நிமிஷம் எண்டு சொல்லி ஆறாகும் போல இருந்தா, அவர் வந்து கேக்க முதல் நீங்களே போய்ச் சொல்லணும்.

இன்னொண்டு, டெலிவரி பேக் வெளியில போறத பாத்து "நான் முதல் வந்தன், அவனுக்கு எப்பிடிக் குடுப்பீங்க" எண்டு கேக்காத நாளே இல்ல. அந்த ஓடர் நீங்க வர முதலே அப்ல வந்தது எண்டு மெதுவா சொல்லுங்க. ரைடர் தம்பிமாரையும் விரட்டாதீங்க, அவங்களுக்கு ஓடுற ட்ரிப்புக்குத்தான் காசு, நிக்கிற நேரமெல்லாம் நட்டம்.

படி 4: கத்தத் தொடங்கிட்டார், இப்ப என்ன?

கையில செய்யிறத நிப்பாட்டி முகத்தைப் பாருங்க. முழுசா சொல்லி முடிக்க விடுங்க. "கோவப்படாதீங்க" எண்டு மட்டும் சொல்லிடாதீங்க, அது எரியிற அடுப்புல எண்ணெய் ஊத்துற வேலை. சிரிக்கவும் வேணாம், பயத்துல வாற சிரிப்பையும் அவர் நக்கல் எண்டுதான் எடுப்பார். லைன்ல ஆக்கள் நிண்டா "சேர், இந்தப் பக்கம் வாங்க, நான் பாக்கிறன்" எண்டு ஓரமா கூட்டிக்கொண்டு வாங்க, பாக்கிறதுக்கு ஆள் இல்லாட்டி சத்தம் தானா குறையும். பிறகு அவர் சொன்னதை உங்கட வாயால ஒருக்கா சொல்லி, ஒரே ஒரு "சொறி சேர்", அதுக்குப் பிறகு என்ன செய்யப் போறீங்க, எத்தின நிமிஷத்துல.

உதாரணத்துக்கு ஒருத்தர் சிக்கன் துண்டைப் பிச்சுக் கொண்டு வந்து, எலும்புக்குப் பக்கத்துல சிவப்பா இருக்கு, பச்சையா தந்திருக்கிறீங்க எண்டு தூக்கிக் காட்டுறார். கடைக்கு வாற கோழி வயசு குறைஞ்சது, எலும்பு இன்னும் முத்தாததால உள்ள இருக்கிற நிறம் வெளியில கசியும், முக்கியமா ஃப்ரோசன் கோழியில, நல்லா வெந்தாலும் அந்தச் சிவப்பு இருக்கலாம். இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், ஆனா பசியில நிக்கிறவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது. "தாங்க சேர், வேற துண்டு மாத்தித் தாறன்" எண்டு வாங்குங்க. உள்ள போனதும் அதே தட்டுல இருக்கிற மத்தத் துண்டுகளுக்கு தேர்மோமீட்டர் குத்திப் பாக்கச் சொல்லுங்க, நடுவுல 74 பாகை செல்சியஸ் தொட்டிருந்தாத்தான் வெந்தது. ஏனெண்டா சில நாள் அவர் சொல்லுறதுதான் சரியா இருக்கும், அடுத்த துண்டு ஒரு சின்னப் பிள்ளைக்குப் போகப் போகுது.

படி 5: உங்கட கையில இல்லாத விஷயம்

விலை, வற் (பெறுமதி சேர் வரி), முடிஞ்சு போன ஓஃபர். 2024 ஜனவரியில வற் 18 வீதமானதுல இருந்து பில்லைப் பாத்து ஏசுறவங்க கூடிட்டாங்க, அவங்கட கோவம் நியாயமானதுதான், பில்லுல எது சாப்பாட்டு விலை எது வரி எண்டு விரலால காட்டுங்க, அதுக்கு மேல வாக்குவாதம் வேணாம். "1977க்கு அடிப்பன்" எண்டு சொன்னா பயப்படாதீங்க, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அடிக்கிறது அவர்ட உரிமை. பில்லைக் குடுத்து மனேஜரைக் கூப்பிடுங்க.

படி 6: எங்க நிப்பாட்டுறது

சாப்பாடு பிந்தினதுக்கு ஏசுறது வேற, உங்கட மொழியையோ இனத்தையோ இழுத்து ஏசுறது, நம்பர் கேட்டுத் தொல்லை பண்ணுறது, கையைப் பிடிக்கிறது வேற. அதைப் பொறுக்கிறது உங்கட வேலையில இல்லவே இல்ல. கவுண்டரை விட்டுப் பின்னால போங்க, மனேஜர் முன்னால வரணும், அது அவர்ட கடமை. பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி குற்றம், தங்கச்சிமார் இதைத் தெரிஞ்சு வச்சிருங்க. குடிச்சிட்டு வந்து சாமான் உடைச்சா 119க்கு அடிச்சு பொலிஸைக் கூப்பிடுங்க. நீங்க தனிய மல்லுக்கு நிக்க வேணாம்.

படி 7: ஷிஃப்ட் முடிய முதல் எழுதி வையுங்க

நேரம், பில் நம்பர், என்ன பிரச்சினை, என்ன குடுத்தம். நாலு வரி காணும். அந்த ஆள் அடுத்த நாள் வேற ஷிஃப்ட் நிக்கேக்குள்ள வந்து "நேத்து மாத்தித் தாறன் எண்டு சொன்னீங்க" எண்டு கேட்டா, கவுண்டர்ல நிக்கிற பிள்ளை முழிக்காம கொப்பியைத் திறந்து பாத்துக் குடுக்கும்.