கோல்டன்ராட் நடுறீங்களா, நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

நியூஜெர்சில வீடு வாங்குன புதுசுல, வேலி ஓரமா தானா முளைச்சு நின்ன ஒரு கோல்டன்ராட்ட (மஞ்சளா கொத்து கொத்தா பூக்குற செடி), பூ அழகா இருக்கேன்னு தோண்டி எடுத்து தோட்டத்து நடுவுல வெச்சேன், அது கனடா கோல்டன்ராட்னு அப்போ எனக்கு தெரியாது, மண்ணுக்கடியிலயே தண்டு ஓட்டி நாலு பக்கமும் கிளம்புற ஜாதி, மூணாவது வருஷம் பாத்தா பக்கத்துல வெச்ச செடி ஒண்ணையும் காணோம். ஊர்ல கோரை பிடுங்குனவங்களுக்கு அந்த கஷ்டம் புரியும்.

அதனால பேரை மட்டும் பாத்து வாங்காதீங்க, எந்த வகைன்னு கேளுங்க. மரநிழல்னா ப்ளூஸ்டெம் கோல்டன்ராட், வறண்ட மண்ணுன்னா கிரே கோல்டன்ராட் (ரெண்டடிதான் வரும்), நல்ல வெயில்னா ஷோயி, இதெல்லாம் ஒரே கொத்தா அடங்கி நிக்கும். கடலோரம்னா சீசைட் இருக்கு, நியூஜெர்சி தெக்கு முனைல இருக்கற கேப் மே பக்கம் மோனார்க் பட்டாம்பூச்சிங்க மெக்சிகோவுக்கு போற வழியில இதுல உக்காந்து தேன் குடிச்சுட்டுதான் போகும்.

இன்னொண்ணு, தும்மல் வரும்னு பயந்து பிடுங்கிடறது. பாவம் இந்த செடி! தும்ம வைக்கிறது ராக்வீட்னு ஒரு களை, அதுவும் இதே சீசன்லதான் பூக்கும் ஆனா பச்சையா இருக்கறதால யார் கண்ணுலயும் படாது. கோல்டன்ராட் மகரந்தம் கனமா பிசுபிசுன்னு இருக்கும், தேனீ தூக்கிட்டு போனாதான் உண்டு, காத்துல அவ்ளோவா பறக்காது.

அப்புறம் உரம். நம்மாளுங்களுக்கு எத நட்டாலும் ரெண்டு கை எரு போடலனா தூக்கம் வராது, இதுக்கு போட்டா நெடுநெடுன்னு வளந்து ஒரு மழைக்கு சாஞ்சிடும். சாயுற செடின்னா ஜூன் ஆரம்பத்துல மூணுல ஒரு பங்கு நுனிய வெட்டி விடுங்க, குட்டையா கிளைச்சு வரும், பூக்க கொஞ்சம் லேட்டாகும் அவ்ளோதான்.

அக்டோபர்ல பூ காஞ்சதும் சுத்தம் பண்றேன்னு அடியோட வெட்டாதீங்க, விதைய குருவிங்க தின்னும். சிலதுல தண்டு நடுவுல கோலிக்குண்டு மாதிரி வீங்கியிருக்கும், நோயோன்னு நானும் பயந்தேன், உள்ள இருக்கறது ஒரு ஈயோட புழு, குளிர்காலம் முழுக்க அதுக்குள்ளயேதான் கிடக்கும். ஜனவரில பனி கொட்டுறப்போ டவுனி மரங்கொத்தி வந்து அந்த உருண்டைல ஓட்டை போட்டு புழுவ இழுத்து தின்னும் பாருங்க, கிச்சன் ஜன்னல்ல காபியோட நின்னு பாக்கலாம்.