கோட் ரிவியூவில் ஏஜென்ட் பதில் சொன்னால் லேபிள் ஒட்டுவது எப்படி?

பணம் செலுத்தும் பகுதியில் ஒரு சிறிய மாற்றம் ரிவியூவுக்கு, அதாவது சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பதற்கு, என்னிடம் வந்திருந்தது. வங்கியின் பதிலுக்கு எத்தனை வினாடி காத்திருப்பது என்ற இடத்தில் 30 என்று இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் 10. "இங்கே மட்டும் ஏன் 30?" என்று கமென்ட் எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிட்டது: "நல்ல கேள்வி! இந்த ரெப்போவில் ஏற்கெனவே உள்ள வழக்கத்தைப் பின்பற்றியே 30 வைக்கப்பட்டுள்ளது." அந்த வழக்கம் ரெப்போவில், அதாவது எங்கள் கோட் மொத்தமும் இருக்கும் இடத்தில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்று மாலை முழுவதும் தேடினேன். எங்குமே இல்லை. மறுநாள் காலையில் அந்த மாற்றத்தை அனுப்பிய தம்பியிடம் கேட்டால், "நான் எதுவும் எழுதவில்லையே அக்கா, அப்போது சாப்பிடப் போயிருந்தேன்" என்கிறார். அவர் ஓடவிட்டுப் போன ஏஜென்ட் (தானே கோட் எழுதி, கமென்ட்டுக்குப் பதிலும் சொல்லும் ஏஐ கருவி), அவர் பெயரில், அவர் படத்தோடு எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளாக அந்தக் கோடைப் பராமரிப்பவர் "வழக்கம் இருக்கிறது" என்றால் இருக்கத்தான் செய்யும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஒரு மாலை போனது. அதற்குப் பிறகு எங்கள் எட்டுப் பேர் குழுவில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பிரித்துவிடுங்கள். ஏஜென்ட் பெரும்பாலும் நம் லேப்டாப்பில், நாம் ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கும் கருவி வழியாகவோ நம் சொந்த டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவிகள் காட்டும் சாவி) வழியாகவோதான் கமென்ட் போடுகிறது. கோடை வைத்து ரிவியூ செய்யும் தளமான கிட்ஹப்பின் கண்ணுக்கு அதுவும் நீங்களும் ஒருவரே. அதனால் கிட்ஹப் ஆப் (அங்கே தனி அடையாளத்தோடு இயங்கும் நிரல்) ஒன்றை உருவாக்கி, தேவையான அனுமதியை மட்டும் கொடுத்து, அதன் டோக்கனை ஏஜென்ட்டிடம் கொடுங்கள். கிட்ஹப்பின் தானியங்கிக் கருவியான டிபெண்டபாட் எழுதும் இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் 'பாட்' என்று ஒரு குறி வருமே, அது உங்கள் ஏஜென்ட்டுக்கும் தானாக வந்துவிடும். ஓர் எச்சரிக்கை: ஆப்பை ரெப்போவில் நிறுவுவதால் கிடைக்கும் டோக்கனையே பயன்படுத்துங்கள். பயனர் சார்பில் பெறும் டோக்கனைக் கொடுத்தால் மறுபடியும் உங்கள் படம்தான் வரும். நிறுவல் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் புதுப்பிக்கும் வேலையையும் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடுங்கள். அதே போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. புராஜெக்ட் ஆக்சஸ் டோக்கன் உருவாக்கினாலே தனியாக ஒரு பாட் பயனர் பிறந்துவிடுகிறார்.

பாட் குறி, எழுதியது இயந்திரம் என்று மட்டும் சொல்லும். எழுதியதை மனிதர் யாராவது படித்தாரா என்பது அதில் தெரியாது. ரிவியூ செய்பவருக்கு அதுதான் முக்கியம். ஆகவே பதிலின் முதல் வரியில் இப்படி இருக்க வேண்டும் (நாங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறோம், பொருள் இதுதான்):

"ஏஜென்ட் பதில். இதை யாரும் சரிபார்க்கவில்லை. கேட்க வேண்டியவர்:" என்று எழுதி, அதை ஓடவிட்டவரின் பெயர்.

ஏஜென்ட் எழுதியதை ஒருவர் படித்து, ஓட்டியும் பார்த்துவிட்டால், அவரே தன் கணக்கிலிருந்து அதை வெளியிடலாம். அப்போது முதல் வரி: "ஏஜென்ட் எழுதியது. நான் ஓட்டிப் பார்த்தேன்." 'படித்தேன்' என்று போடலாமா என்று குழுவில் ஒரு வாதம் நடந்தது. வேண்டாம் என்றேன். படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும், அது எழுதும் அழகு அப்படி.

மூன்றாவதாக, "நான் எழுதினேன், ஏஜென்ட் மொழியைத் திருத்தியது" என்றும் ஒரு லேபிள் வைத்திருந்தோம். இரண்டே வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதையே ஒட்ட ஆரம்பித்தார்கள். எடுத்துவிட்டோம். எழுத்துப்பிழை திருத்தியதற்கெல்லாம் அறிவிப்புப் பலகை தேவையில்லை.

லேபிள் ஏன் முதல் வரியில்? மின்னஞ்சல் அறிவிப்பிலும் போனிலும் கண்ணில் படுவது தொடக்கம்தான். நான்கு பத்திகளை நம்பிப் படித்த பிறகு கடைசியில் "இது தானியங்கி" என்று பார்த்தால் வருவது கோபம் மட்டுமே.

லேபிள் ஒட்டும் பொறுப்பை ஏஜென்ட்டிடமே விடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்: அது படிக்கும் வழிமுறைக் கோப்பில் "ஒவ்வொரு பதிலுக்கும் லேபிள் இடு" என்று எழுதி வைத்தோம். கொஞ்ச நேரம் ஒழுங்காக இட்டது. உரையாடல் நீளவும் மறந்தது. பிறகு ஒருநாள் "நான் ஓட்டிப் பார்த்தேன்" என்ற மனிதருக்கான லேபிளை எடுத்துத் தானே ஒட்டிக்கொண்டது! இப்போது கமென்ட் போட அதற்கு ஒரே வழி, நாங்கள் எழுதிய சிறிய ஸ்கிரிப்ட். ஏஜென்ட் உள்ளடக்கத்தைக் கொடுக்கும். முதல் வரியை ஸ்கிரிப்ட் சேர்க்கும். இரண்டாவது லேபிள் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியவே தெரியாது.

அதே ஸ்கிரிப்ட், மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியையும் சேர்க்கிறது. எச்டிஎம்எல் குறிப்பாக எழுதினால் பக்கத்தில் தெரியாது, நிரல்கள் படித்துக்கொள்ளும். எதற்கு என்றால், ரிவியூ செய்யும் ஏஜென்ட்டும் கோட் எழுதும் ஏஜென்ட்டும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒன்றுக்கொன்று நன்றி சொல்ல ஆரம்பித்து, நாங்கள் பார்த்தபோது 41 கமென்ட்கள் ஆகியிருந்தன. கிட்ஹப்பில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதியான ஆக்ஷன்ஸ் தானாகத் தரும் டோக்கனில் எழுதினால், அந்த கமென்ட் பொதுவாகப் புதிய வொர்க்ஃப்ளோவை (தானாக ஓடும் வேலைத்தொடரை) கிளப்பாது. இந்தச் சுழலைத் தடுக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். சொந்த டோக்கனுக்கும் ஆப் டோக்கனுக்கும் அந்தத் தடுப்பு கிடையாது. அதனால் பதில் எழுதுவதற்கு முன் எழுதியவரின் கணக்கு வகை 'பாட்' தானா என்று பாருங்கள், அடுத்து குறியைத் தேடுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஏஜென்ட் வாயைத் திறக்கக் கூடாது.

லேபிள் இருந்தாலும் ஏஜென்ட் செய்யக் கூடாதவை இரண்டு: உரையாடலை 'ரிசால்வ்' செய்வது (முடிந்ததாக மூடுவது), ஒப்புதல் தருவது. கேள்வி கேட்டவர்தான் அதை மூட வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கு) ஒப்புதல் தர ஆக்ஷன்ஸை அனுமதிக்கும் ஒரு பெட்டி அமைப்புகளில் இருக்கிறது. அதில் டிக் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். "சரிசெய்துவிட்டேன்" என்று ஏஜென்ட் சொன்னால் கமிட் எண் (சேமித்த மாற்றத்தின் அடையாள எண்) கூடவே வர வேண்டும். எண் இல்லாத பதிலை எங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பாது.

இதெல்லாம் அதிகம் என்று முணுமுணுப்பவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் விதியைக் காட்டுங்கள்: கோடைத் தர உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியை ஏஜென்ட் சேர்க்கக் கூடாது, அந்த உறுதிமொழியை மனிதர்தான் தர முடியும், கருவியின் பங்குக்கு 'அசிஸ்டெட்-பை' என்று தனி வரி.

பழைய பதில்களை என்ன செய்வது? திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களில் மட்டும் திருத்தி லேபிள் சேர்த்தோம், மூடியவற்றைத் தொடவில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அந்த 30 வினாடிப் பதில். தம்பி அதைத் திறந்து முதல் வரியைச் சேர்த்தார், அதன் கீழே தானே ஒரு பதிலும் எழுதினார்: "ஏன் 30 என்று எனக்கும் தெரியவில்லை அக்கா. 10 ஆக்கிவிட்டேன்." கமிட் எண்ணோடு.