மாட்டுங்காவிலிருந்து பெவர்லி சில்ஸைக் கேட்கும் முறை

மும்பையின் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஆபரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தின் சொப்ரானோ (பெண்குரலில் மிக உயர்ந்த வகை) குரல் முதலில் வெறும் உச்சஸ்தாயிக் கூச்சலாகவே படும். ஆகவே அமெரிக்க சொப்ரானோ பாடகி பெவர்லி சில்ஸின் வாழ்க்கை வரலாற்றைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, 1966-இல் நியூயார்க் சிட்டி ஆபராவில் அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த இசையமைப்பாளர் ஹாண்டலின் 'ஜூலியோ சேசரே' ஆபராவில் கிளியோபாத்ரா பாடும் பகுதிகளிலிருந்து தொடங்குங்கள். மின்ரயில் இரைச்சலில் வேண்டாம். இரவில், ஹெட்போனில் கேளுங்கள். பாட்டின் முதற்பகுதி இறுதியில் திரும்பி வரும்போது அவர் புதிதாகச் சேர்க்கும் பிருகாக்களை மட்டும் கவனியுங்கள். சங்கதி என்றே சொல்லத் தோன்றும்.

பிறகு வரலாற்றுக்கு வரலாம். 1929-இல் புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பெல் சில்வர்மேனாகப் பிறந்தவர், மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் அறிமுகமாக 45 வயதுவரை காத்திருந்தார். அவருடைய மகளுக்குக் காது கேளாது என்பதை அறிந்தபின் அதே பதிவை இன்னொரு முறை கேளுங்கள். 1980-இல் பாடுவதை நிறுத்தி, தம்மை வளர்த்த நியூயார்க் சிட்டி ஆபராவையே நிர்வகித்த பகுதியைக் கடைசியில் படித்தால் போதும்.