கார் கொட்டேஷனில் எதைக் கட்டலாம், எதை நீக்கலாம்

முதலில் ஆன்ரோடு விலையை (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலை) ஒரே தொகையாக வாங்காதீர்கள். ஒவ்வொரு இனமாகப் பிரித்து, ஷோரூம் முத்திரையோடு கேளுங்கள்.

சாலை வரி, பதிவுக் கட்டணம் இரண்டிலும் பேரம் இல்லை. ஆனால் வேரியண்டைத் தேர்ந்தெடுக்கும்போது வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13%, அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18%. 9.95 லட்சம் காருக்கு வரி 1,29,350; 10.05 லட்சத்துக்கு 1,80,900. விலையில் பத்தாயிரம் கூட, வரியில் ஐம்பதாயிரம் கூட! 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ்ஸும் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) உண்டு. அது வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

பணம் கசிவது இன்சூரன்ஸில்தான். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாண்டு தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு), ஓராண்டு ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கு), ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத இழப்பீடு) என அதே கவரேஜுக்கு வெளியில் விலை கேட்டுக் காட்டினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். ஐடிவியும் (வண்டி திருடுபோனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) ஒன்றா என்று பாருங்கள். அதைக் குறைத்தும் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதுண்டு.

'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்' என்றிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். ஆக்சஸரீஸ் பேக்கேஜும் கட்டாயமில்லை.

மீதிப் பணம் கட்டும் முன் சேஸிஸ் எண்ணை (வண்டியில் பொறித்திருக்கும் அடையாள எண்) கேட்டு, தயாரித்த மாதம், வருடத்தைப் பாருங்கள். போன வருடத்து வண்டி என்றால் தள்ளுபடியை அதற்கேற்ப ஏற்றிக் கேட்கலாம்.